குழந்தைக்குக் கண்புரை: ஆபரேஷன் செய்தால் பார்வை வந்துவிடுமா?

கேள்வி, 3 மார்ச்
என் அக்கா மகள் பிறந்து ஐந்து வாரம் ஆகிறது. இடது கண்ணின் நடுவில் கருப்பாக இருக்க வேண்டிய இடம் வெளுத்துத் தெரிகிறது. குழந்தை டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் பிறவிக் கண்புரையாக இருக்கும் என்றார். வீட்டில் பெரியவர்கள், “தாத்தாவுக்குச் செய்த அதே ஆபரேஷன்தானே, பிள்ளை கொஞ்சம் எடை போடட்டும், ஒரு வயசுக்கு மேல் பார்த்துக்கலாம்” என்கிறார்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது. எப்போது செய்தாலும் லென்ஸ் வைத்துவிட்டால் பார்வை வந்துவிடும் அல்லவா?

3 மார்ச், இரவு 9.40
தம்பி, ஒரு வயது வரைக்கும் காத்திருக்க வேண்டாம். இன்னொரு மாதம்கூட வேண்டாம். குழந்தைகளுக்கான கண் மருத்துவரிடம் இந்த வாரமே காட்டுங்கள். காரணத்தைப் பிறகு எழுதுகிறேன், என் மகளுக்குச் சொட்டு மருந்து விடுகிற நேரம் இது.

3 மார்ச், இரவு 11.15
என் மகளுக்கும் பிறக்கும்போதே இடது கண்ணில் புரை. இப்போது பதினொரு வயது.

தாத்தாவின் புரையையும் கைக்குழந்தையின் புரையையும் ஒன்றாகப் பேசுவதில்தான் எல்லாக் குழப்பமும் தொடங்குகிறது. தாத்தாவின் மூளை அறுபது எழுபது வருஷம் பார்த்துப் பழகியது. மங்கிய லென்ஸை எடுத்து வேறு வைத்தால் சில நாளில் செய்தித்தாள் படிப்பார். குழந்தைக்கு இன்னும் பார்க்கவே தெரியாது. கண் அனுப்பும் காட்சிகளை வைத்துத்தான் அதன் மூளை பார்க்கக் கற்றுக்கொள்கிறது. அந்தக் கற்றலுக்கு ஒரு காலம் இருக்கிறது. அந்தக் காலம் முழுக்கப் புரை மறைத்துக்கொண்டிருந்தால், பின்னால் எவ்வளவு நல்ல லென்ஸ் வைத்தாலும் வருகிற காட்சியை வாங்கிக்கொள்ள மூளை தயாராக இருக்காது.

இது யாரோ ஊகித்துச் சொன்னது இல்லை. 1960களில் டேவிட் ஹ்யூபெல், டார்ஸ்டன் வீசல் என்ற இருவர் பூனைக்குட்டிகளின் ஒரு கண் இமையைச் சில மாதம் தைத்து மூடி வைத்தார்கள். திறந்தபோது கண்ணில் கோளாறு எதுவும் இல்லை. ஆனால் மூளையின் பார்வைப் பகுதியில் அந்தக் கண்ணுக்குப் பதில் கொடுக்கும் செல்கள் கிட்டத்தட்ட இல்லாமல் போயிருந்தன. திறந்திருந்த கண் அந்த இடத்தையும் எடுத்துக்கொண்டுவிட்டது. வளர்ந்த பூனையின் கண்ணை மூடியபோது இப்படி ஆகவில்லை. 1981இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

உங்கள் அக்கா மகளுக்கு ஒரு கண்ணில் மட்டும் என்பதால் அவசரம் கூடுதல். நல்ல கண் ஒவ்வொரு நாளும் முன்னேறிக்கொண்டே போகும், மூளை அதையே நம்பத் தொடங்கிவிடும். அடர்த்தியான புரை ஒரு கண்ணில் மட்டும் இருந்தால் 4 முதல் 6 வாரத்துக்குள், இரண்டு கண்ணிலும் இருந்தால் 6 முதல் 8 வாரத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்பது பெரும்பாலான மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. குழந்தைக்கு ஐந்து வாரம் ஆகிவிட்டது என்கிறீர்கள். அதனால்தான் முதல் பதிவில் அவ்வளவு அவசரமாக எழுதினேன்.

4 மார்ச், காலை 6.30
“அப்படியானால் பிறந்த அன்றே செய்துவிடலாமே” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். செய்யலாம்தான், ஆனால் முதல் நான்கு வாரத்துக்குள் செய்தால் பிற்காலத்தில் கிளாக்கோமா, அதாவது கண்ணழுத்த நோய், வரும் ஆபத்து கூடுகிறது. மிகச் சின்னக் குழந்தைக்கு மயக்க மருந்து கொடுப்பதிலும் சிக்கல் அதிகம். அதனால்தான் நான்காம் வாரத்திலிருந்து கணக்கு வைக்கிறார்கள்.

4 மார்ச், காலை 7.05
இதை நேற்றே எழுதியிருந்தால் பயந்துவிடுவீர்களோ என்று தயங்கினேன். எழுதாமல் விடுவது சரியாகாது.

குழந்தையின் கண்மணி வெள்ளையாகத் தெரிந்தால் அது எப்போதும் புரையாகத்தான் இருக்கும் என்று இல்லை. ரெட்டினோபிளாஸ்டோமா என்ற விழித்திரைப் புற்றுநோயும் அப்படித் தெரியலாம். அதில் தாமதம் உயிருக்கே ஆபத்து. புரை அடர்த்தியாக இருந்து உள்ளே பார்க்க முடியாவிட்டால் கண்ணுக்கு அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பின்பக்கத்தைப் பார்ப்பார்கள். “பின்பக்கம் பார்த்தாயிற்றா, சுத்தமாக இருக்கிறதா?” என்று நேராகக் கேளுங்கள்.

எங்கள் விஷயம் தெரிந்ததே ஒரு போட்டோவில்தான். ஃபிளாஷ் அடித்து எடுத்த படத்தில் வலது கண் சிவப்பாகத் தெரிந்தது, இடது கண்ணில் அந்தச் சிவப்பு இல்லை. மருத்துவர்கள் பிறந்த குழந்தைக்கு ஒளி அடித்துப் பார்ப்பதும் அந்தச் சிவப்பு இரண்டு கண்ணிலும் ஒரே மாதிரி வருகிறதா என்றுதான். சில நொடி வேலை. எங்களுக்குப் பிரசவம் நடந்த இடத்தில் யாரும் அதைச் செய்யவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் இருக்கிறது.

4 மார்ச், பிற்பகல் 2.20
அக்கா அழுதுகொண்டே இருக்கிறார், தான் ஏதோ செய்துவிட்டதாக நினைக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் இதை அப்படியே படித்துக் காட்டுங்கள்: ஒரு கண்ணில் மட்டும் வரும் புரைக்குப் பெரும்பாலும் காரணமே கண்டுபிடிக்க முடிவதில்லை. சில குழந்தைகளுக்குக் கருவில் லென்ஸுக்கு ரத்தம் கொண்டுபோன நாளங்கள் பிறப்பதற்குள் மறையாமல் தங்கிவிட்டிருக்கும். அம்மா செய்ததாலோ செய்யாததாலோ அது வருவதில்லை.

இரண்டு கண்ணிலும் என்றால் கதை வேறு. பரம்பரையாக வரலாம், பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உள்ள வகை அதில் சாதாரணம். கர்ப்பத்தின் ஆரம்பத்தில் தாய்க்கு ரூபெல்லா என்ற வைரஸ் தொற்று வந்திருக்கலாம். 1941இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக், தன்னிடம் வந்த கண்புரைக் குழந்தைகளின் அம்மாக்களில் பெரும்பாலோருக்குக் கர்ப்பத்தில் ரூபெல்லா வந்திருந்ததைக் கவனித்துச் சொன்னார். அதுவரை ரூபெல்லாவை யாரும் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. இன்று தடுப்பூசி இருக்கிறது. இன்னொரு காரணம் கேலக்டோசீமியா. பாலில் உள்ள ஒரு வகைச் சர்க்கரையை உடம்பால் கையாள முடியாத நிலை அது. சீக்கிரம் கண்டுபிடித்துப் பாலை நிறுத்தினால் ஆரம்பப் புரை கலைந்துபோவதும் உண்டு.

6 மார்ச், இரவு 10.30
மருத்துவர் “இப்போது லென்ஸ் வைக்க மாட்டோம்” என்று சொன்னதில் உங்களுக்கு ஏமாற்றம். எனக்கும் அன்று அப்படித்தான் இருந்தது. புரையை எடுத்துவிட்டு வெறுங்கண்ணாக விட்டுவிடுவதா என்று கேட்டு அந்த அறையில் குரலை உயர்த்திப் பேசினேன். ஆனால் அவர்கள் சொன்னதில் ஆழ்ந்த நியாயம் இருக்கிறது.

பிறந்த குழந்தையின் கண் முன்னிருந்து பின்னாக சுமார் 17 மில்லிமீட்டர். வளர்ந்தவருக்கு 23, 24. அந்த வளர்ச்சியில் பெரும்பகுதி முதல் இரண்டு வருஷத்திலேயே நடந்துவிடும். இன்றைக்குச் சரியாக இருக்கிற பவரில் லென்ஸ் வைத்தால் கண் வளர வளரக் கிட்டப்பார்வை ஏறிக்கொண்டே போகும். வளர்ந்த பிறகு பொருந்துகிற பவரில் வைத்தால் இன்றைக்குப் பொருந்தாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பவரை உத்தேசமாக வைத்து, மிச்சத்தைக் கண்ணாடியால் ஈடுகட்ட வேண்டும்.

அப்புறம் சவ்வு. லென்ஸ் ஓர் உறைக்குள் இருக்கிறது. குழந்தைகளின் கண்ணில் அந்த உறையில் மிஞ்சும் செல்கள் மிக வேகமாகப் பெருகி மறுபடி மறைத்துவிடும். அதனால்தான் லென்ஸை எடுக்கும்போதே பின்பக்க உறையில் ஒரு வட்டம் திறந்து, அதற்குப் பின்னால் உள்ள ஜெல்லிலும் கொஞ்சம் எடுத்துவிடுகிறார்கள். பெரியவர்களுக்கு இது தேவைப்படுவதில்லை. அவர்களுக்குப் பின்னால் சவ்வு வளர்ந்தால் உட்காரவைத்து லேசரில் திறந்துவிடலாம். கைக்குழந்தையை அப்படி உட்காரவைக்க முடியாது.

லென்ஸ் வைப்பதா, காண்டாக்ட் லென்ஸா என்பதை அமெரிக்காவில் 12 மருத்துவ மையங்கள் சேர்ந்து முறையாகச் சோதித்தார்கள். இன்ஃபன்ட் ஏஃபேக்கியா ட்ரீட்மென்ட் ஸ்டடி என்று பெயர். ஒரு கண்ணில் மட்டும் புரையோடு பிறந்த 114 குழந்தைகள். 2004 முதல் 2009 வரை சேர்த்தார்கள். சீட்டுக் குலுக்குவது போல் பாதிப் பேருக்கு உள்விழி லென்ஸ், பாதிப் பேருக்குக் காண்டாக்ட் லென்ஸ். ஒரு வயதில், நாலரை வயதில், பத்தரை வயதில் என்று பார்வையை அளந்தார்கள். மூன்று முறையும் இரண்டு குழுவுக்கும் பார்வையில் வித்தியாசம் இல்லை. ஆனால் ஐந்து வயதுக்குள் கண்ணுக்குள் மறுபடி அறுவை தேவைப்பட்டது லென்ஸ் வைத்தவர்களில் 72 விழுக்காட்டுக்கு, காண்டாக்ட் லென்ஸ் குழுவில் 21 விழுக்காட்டுக்கு.

இதைப் படித்த பிறகு எனக்கு அந்த மருத்துவரிடம் இருந்த மனக்குறை போய்விட்டது. ஏழு மாதத்துக்குக் கீழ் ஒரு கண் புரை என்றால், காண்டாக்ட் லென்ஸைச் சமாளிக்க முடிகிற குடும்பத்துக்கு அதுவே நல்லது என்பது என் கருத்து. சமாளிக்க முடியாத நிலைமை இருந்தால் லென்ஸ் வைப்பதில் தவறில்லை. லென்ஸும் இல்லாமல், கண்ணாடியும் இல்லாமல், எதையும் மாட்டாமல் விடுவதுதான் செய்யவே கூடாதது. அந்தக் கண் மங்கலைத் தவிர எதையும் பார்க்காது.

6 மார்ச், இரவு 10.55
மேலே உள்ளதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள், இல்லாவிட்டால் யாராவது பதற்றப்படுவார்கள். எல்லாப் புரைக்கும் கத்தி தேவையில்லை. லென்ஸின் முன்முனையில் சின்னப் புள்ளியாக இருக்கிற வகை பல வருஷம் அப்படியே இருந்துவிடும். நடுவில் 3 மில்லிமீட்டருக்கு மேல் அடர்த்தியாக மறைக்கிறதா, பின்னால் விழித்திரை தெரிகிறதா என்பதை வைத்து முடிவெடுப்பார்கள். சின்னதாக இருந்தால் கண்ணாடியும், நல்ல கண்ணை மூடிவைக்கும் பேட்சும் மட்டும் போதலாம். உங்கள் அக்கா மகளுக்கு விழித்திரையே தெரியவில்லை என்று சொல்லிவிட்டதால் இது அவளுக்குப் பொருந்தாது.

9 மார்ச், காலை 8.10
ஆபரேஷன் முடிந்தது, நன்றாக இருக்கிறாள் என்று படித்தேன். மனசு நிறைந்தது.

1999இல் கனடாவில் டாஃப்னி மோரரும் அவருடைய குழுவும் இப்படிப் புரை எடுத்த 28 குழந்தைகளைப் பார்த்தார்கள். லென்ஸ் மாட்டிய முதல் பத்து நிமிஷத்தில் அவர்களின் பார்வைக் கூர்மை பிறந்த குழந்தையின் அளவில்தான் இருந்தது, சில மாத வயது ஆகியிருந்தவர்களுக்கும் அப்படியே. ஒரு மணி நேரம் உலகத்தைப் பார்த்த பிறகு மறுபடி அளந்தால் கூர்மை கூடியிருந்தது. ஒரே ஒரு மணி நேரம்! காண்டாக்ட் லென்ஸ் வரும்வரை அந்தக் குழந்தைக்குப் பார்வை இன்னும் தொடங்கவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். லென்ஸ் எப்போது வரும் என்று தினமும் கேட்டுத் தொந்தரவு கொடுங்கள்.

13 மார்ச், இரவு 9.30
லென்ஸ் போடுவது எப்படி என்று அக்கா கேட்கச் சொன்னாராம். நான் செய்த விதத்தைச் சொல்கிறேன், அங்கே சொல்லிக்கொடுப்பவர் வேறு விதமாகச் சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

குழந்தை ஆழ்ந்து தூங்கும்போது அல்லது பால் குடித்து முடிக்கிற நேரத்தில். விழித்துக்கொண்டிருந்தால் ஒரு துணியில் கையோடு சேர்த்துச் சுற்றிக்கொள்ளுங்கள். கையைக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டு, லென்ஸை ஆள்காட்டி விரல் நுனியில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் மேல் இமையை எலும்போடு அழுத்திப் பிடித்துத் தூக்குங்கள். லென்ஸின் மேல் விளிம்பை முதலில் மேல் இமைக்கு அடியில் நுழைத்துவிட்டு, கீழ் இமையை இழுத்துக் கீழ் விளிம்பை உள்ளே விடுங்கள். இமையைச் சட்டென்று விடாமல் மெதுவாக விடுங்கள். பக்கவாட்டில் டார்ச் அடித்தால் லென்ஸின் ஓரம் மெல்லிய வளையமாகத் தெரியும், அது நடுவில் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

குழந்தைகளுக்கான லென்ஸின் பவர் சாதாரணமாக 20 டயாப்டருக்கு மேல், 30 வரைக்கும்கூட இருக்கும். அதனால் நடுவில் தடிப்பாக இருக்கும். எங்களுக்குக் கொடுத்தது சிலிக்கோன் வகை, மகள் கண்ணைக் கசக்கினால் வெளியே வந்துவிடும். தரையில் தேடும்போது விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தரையோடு படுக்கவைத்து அடியுங்கள், லென்ஸ் மின்னும். விரிப்பை உதறாதீர்கள். கைவசம் எப்போதும் ஒரு மாற்று லென்ஸ் இருக்க வேண்டும். கண் சிவந்தால், பீளை கட்டினால், வெளிச்சத்துக்குக் கூசினால் லென்ஸை எடுத்துவிட்டு அன்றே காட்டுங்கள், மறுநாள் வரை பார்க்க வேண்டாம்.

பவர் கண் வளர வளரக் குறைந்துகொண்டே போகும். கைக்குழந்தையின் உலகம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் முதலில் கிட்டத்துக்குத் தெரிகிற மாதிரி 2, 3 டயாப்டர் கூட்டித்தான் கொடுப்பார்கள். “ரொம்ப அதிகமாக இருக்கிறதே” என்று பயப்பட வேண்டாம்.

15 மார்ச், இரவு 11.40
இனி பேட்ச். என்னைக் கேட்டால் ஆபரேஷனைவிட இதுதான் பெரிய வேலை. ஆபரேஷனை மருத்துவர் ஒரு காலையில் முடித்துவிடுவார். பேட்ச் வருஷக்கணக்கில் பெற்றவர்கள் கையில்.

நல்ல கண்ணை மூடி, புரை எடுத்த கண்ணைப் பார்க்கவைப்பது. மேலே சொன்ன 114 குழந்தைகளின் ஆய்வில் வைத்திருந்த அளவு: எத்தனை மாத வயதோ தினம் அத்தனை மணி நேரம், எட்டு மாதம் வரை. அதற்குப் பிறகு விழித்திருக்கும் நேரத்தில் பாதி. உங்கள் மருத்துவர் கூடக் குறையச் சொல்லலாம்.

தோலில் நேராக ஒட்டுகிற பேட்ச்தான் சரி. கண்ணாடி மேல் மாட்டும் துணி மூடியை என் மகள் ஒரு ஓரமாக எட்டிப்பார்த்தே தோற்கடித்துவிட்டாள். புது பேட்ச்சின் பசை கடுமையாக இருக்கும், ஒட்டுவதற்கு முன் உங்கள் புறங்கையில் ஒருமுறை ஒட்டி எடுத்தால் கொஞ்சம் தணியும். கழற்றும்போது வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியை வைத்து ஊறவிட்டு, மூக்குப் பக்கத்திலிருந்து காதுப் பக்கமாக மெதுவாக உரியுங்கள். அகலமான பக்கத்தை ஒருநாள் நெற்றிப் பக்கம், மறுநாள் மூக்குப் பக்கம் என்று மாற்றினால் ஒரே இடம் புண்ணாகாது.

முதல் வாரங்களில் பேட்ச் ஒட்டினதும் குழந்தை தூங்கிவிடும். அந்தக் கண்ணுக்கு ஒன்றும் புரியாததால் அது உலகத்தைவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. தூக்கத்தில் போகும் நேரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட அட்டை, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே உங்கள் முகம், மினுங்குகிற ஏதாவது, இப்படிப் பலமான மாறுபாடு உள்ளவற்றைக் கிட்டத்தில் காட்டுங்கள்.

பிய்த்தெறியும் வயது வரும். எங்களுக்கு ஒன்றரை வயதில் வந்தது. கைக்கு உறை, முழங்கை மடங்காமல் அட்டைச்சுருள் எல்லாம் செய்தோம். அழுவாள், நானும் அழுவேன். பிறகு மூன்று வயதில் ஒருநாள் பேட்ச் மேல் பேனாவால் ஒரு கண் வரைந்து தரச் சொன்னாள். அன்றிலிருந்து தினமும் என்ன கண் என்று அவள்தான் முடிவு செய்வாள்: மீன் கண், ஆந்தைக் கண், கோபக் கண். கோபக் கண் ஒட்டின நாளில் வீட்டில் எல்லோரும் பயந்த மாதிரி நடிக்க வேண்டும்.

16 மார்ச், காலை 6.15
நேற்று எழுதியதை இன்று படித்தால் ஒரு விஷயம் உறுத்துகிறது. அதைப் படிக்கிற ஓர் அம்மா, “பேட்ச் முழுசாகப் போட்டால் பார்வை வரும், வராவிட்டால் என் குற்றம்” என்று எடுத்துக்கொள்வார். அப்படி இல்லை.

அந்த 114 குழந்தைகளில் பத்தரை வயதில் நாலில் ஒரு பங்குக் குழந்தைகளுக்கு அந்தக் கண்ணில் 6/12 (மற்றவர்கள் 12 மீட்டரிலிருந்து படிப்பதை 6 மீட்டரிலிருந்து படிக்கிற அளவு) அல்லது அதைவிட நல்ல பார்வை. பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு 6/60 அல்லது அதற்கும் கீழ். எல்லோருக்கும் ஒரே சிகிச்சை முறை, தேர்ந்த மருத்துவர்கள், பேட்ச் இலவசம், தொலைபேசியில் கூப்பிட்டுக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அப்படியும் இவ்வளவு வித்தியாசம். பேட்ச் போட்ட மணிக்கணக்கை வைத்து விளக்க முடிந்தது அந்த வித்தியாசத்தில் ஒரு சின்னப் பங்குதான். ஒழுங்காகப் போட்டும் பார்வை வராத பிள்ளைகள் இருந்தார்கள், அரைகுறையாகப் போட்டும் நன்றாக வந்தவர்கள் இருந்தார்கள்.

போடாமல் விடலாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. நம் கையில் இருக்கிற ஒரே விஷயம் அது என்பதால் போடத்தான் வேண்டும். ஆனால் எண்ணைப் பார்த்து ஓர் அம்மாவை எடைபோட யாருக்கும் உரிமை கிடையாது. என் மகளின் ஏழாவது வயதில் ஒரு மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் ஒருவர் பார்வை அளவைப் பார்த்துவிட்டு “பேட்ச் சரியாப் போடலையா?” என்று அவள் முன்னாலேயே கேட்டார். அவள் வழியெல்லாம் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தாள். அதனால்தான் இதைத் தனியாக எழுதுகிறேன்.

22 மார்ச், இரவு 8.50
வேறொருவர் கேட்கிறார்: தெரிந்தவர் மகனுக்கு ஒன்பது வயது, இரண்டு கண்ணிலும் பிறவிப் புரை, இதுவரை யாரும் காட்டவில்லை, கண்கள் ஆடிக்கொண்டே இருக்கின்றன. இனிச் செய்து பயன் உண்டா?

உண்டு. கண் ஆட்டம் இரண்டு மூன்று மாத வயதில் பார்வை இல்லாததால் தொடங்கியது, அது பெரும்பாலும் போகாது. நுணுக்கமான பார்வைக்கான காலமும் தாண்டிவிட்டது. அதற்காக ஒன்றுமே வராது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பவன் சின்ஹா என்ற, அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகப் பேராசிரியர் இந்தியாவில் பிரகாஷ் திட்டம் என்று நடத்துகிறார். இப்படித் தாமதமாகக் கண்டுபிடிக்கப்பட்ட பிள்ளைகளுக்குச் சிகிச்சை ஏற்பாடு செய்து, பிறகு அவர்கள் பார்க்கக் கற்றுக்கொள்வதை ஆராய்கிறார்கள். 2011இல் 8 முதல் 17 வயது வரையுள்ள ஐந்து பேரிடம் ஒரு சோதனை செய்தார்கள். கையால் தடவிப் பார்த்த ஒரு வடிவத்தைக் கண்ணால் அடையாளம் காண முடியுமா? கட்டுப் பிரித்த உடனே முடியவில்லை. சில நாளில் முடிந்தது. 1688இல் வில்லியம் மோலினோ தத்துவவாதி ஜான் லாக்குக்கு எழுதிக் கேட்ட கேள்வி இது. முன்னூறு வருஷத்துக்கு மேல் ஆகி, கேள்விக்குப் பதில் சொன்னவர்கள் சிறுவர்கள்.

அந்தப் பையன் கரும்பலகையைப் படிப்பானா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. தனியாக நடக்க, ஆட்களை அடையாளம் காண, பெரிய எழுத்தைக் கிட்டத்தில் வைத்துப் படிக்க வாய்ப்பு நிறைய. இரண்டு கண்ணிலும் இருந்ததால் ஒன்றை ஒன்று அமுக்கிவிடவில்லை என்பது அவனுக்குச் சாதகம். கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

2 ஏப்ரல், மாலை 5.20
என் மகளுக்கு அந்தக் கண்ணில் எவ்வளவு என்று பலர் கேட்டுவிட்டீர்கள். 6/24. மற்றவர்கள் 24 மீட்டரிலிருந்து படிக்கிற எழுத்தை அவள் 6 மீட்டருக்கு வந்தால்தான் படிப்பாள், அந்தக் கண்ணால் மட்டும் பார்த்தால். இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது எல்லோரையும் போலப் படிக்கிறாள், ஓடுகிறாள். ஆழம் கணிப்பதில்தான் குறை. தம்ளருக்குத் தண்ணீர் ஊற்றும்போது குடத்தின் வாயைத் தம்ளர் விளிம்பில் தொடவைத்துக்கொண்டுதான் ஊற்றுவாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, தானே கண்டுபிடித்தது. பந்து நேராக முகத்துக்கு வந்தால் தடுமாறுவாள், பக்கத்திலிருந்து வந்தால் பிடித்துவிடுவாள்.

6/24 பெரிய விஷயமா என்று கேட்பவர்களுக்கு: நல்ல கண்ணுக்கு ஏதாவது ஆனால் அவளை நடத்திக்கொண்டு போகப்போவது அந்தக் கண்தான். அதனால் நல்ல கண்ணைக் காப்பதும் சிகிச்சையின் பகுதி. பவர் தேவையில்லாவிட்டாலும் பாலிகார்பனேட் கண்ணாடி போட்டே தீர வேண்டும் என்று எங்கள் மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

3 ஏப்ரல், இரவு 10.10
நேற்றையதோடு சேர்ந்தது, கொஞ்சம் திசை மாறும். மோரரின் குழு இன்னொன்றும் கண்டுபிடித்தது. முதல் சில மாதம் புரையால் மறைந்திருந்தவர்கள் வளர்ந்த பிறகும் முகங்களில் கண், மூக்கு, வாய் இவற்றுக்கு இடையே உள்ள தூரத்து வித்தியாசத்தைப் பிடிப்பதில் பின்தங்கினார்கள். ஒரு கண் புரைக்காரர்களில் இடது கண் பாதித்தவர்களிடம்தான் இந்தக் குறை தெரிந்தது, வலது கண் பாதித்தவர்களிடம் தெரியவில்லை. கைக்குழந்தைப் பருவத்தில் இடது கண்ணின் காட்சி பெரும்பாலும் வலது மூளைக்குப் போகிறது, முகங்களைக் கற்றுக்கொள்வது அந்தப் பக்கம்.

என் மகள் டீச்சர் கூந்தலை மாற்றிக் கட்டினால் ஒரு கணம் திகைப்பாள். குரல் கேட்டதும் சிரிப்பாள். அது இதனால்தானா, இல்லை எல்லாப் பிள்ளைகளுக்கும் இருக்கிற கவனக்குறைவா என்று எனக்குள் இன்னும் இழுபறி. ஆனால் இதைப் படித்த பிறகு, தெரிந்தவரைப் பார்த்து அவள் பேசாமல் போனால் “திமிர்” என்று நான் சொல்வதில்லை, பிறரையும் சொல்லவிடுவதில்லை.

19 மே, காலை 7.00
இழையில் பேச்சு ஓய்ந்துவிட்டது, ஆனால் கிளாக்கோமா பற்றி எழுதாமல் இதை மூட மனசில்லை. அந்த 114 குழந்தைகளின் ஆய்வில் பத்து வருஷத்துக்குள் 22 விழுக்காட்டுக்குக் கிளாக்கோமா வந்தது. சந்தேகத்தில் வைத்திருந்தவர்களையும் சேர்த்தால் 40. லென்ஸ் வைத்தார்களா இல்லையா என்பதால் அது மாறவில்லை. என் மகளுக்கு ஆறு வயதில் வந்தது. முதல் நாள் நான் எழுதிய சொட்டு மருந்து அதற்குத்தான்.

வலி இருக்காது, கண் சிவக்காது, பிள்ளை எதுவும் சொல்லாது. சின்னக் குழந்தை என்றால் கண்ணில் நீர் வடிதல், வெளிச்சத்துக்கு முகம் திருப்புதல், கருவிழி பெரிதாவது இவற்றைக் கவனியுங்கள். காண்டாக்ட் லென்ஸின் பவர் எதிர்பார்த்ததைவிட வேகமாகக் குறைந்தால் கண் அழுத்தத்தால் நீள்கிறது என்று அர்த்தமாக இருக்கலாம், மருத்துவர் அதை உடனே பிடிப்பார். ஆபரேஷன் ஆகிப் பல வருஷம் கழித்தும் வரும். ஆயுள் முழுக்க அழுத்தம் அளக்க வேண்டும். “பார்வை நிலைத்துவிட்டது, இனி வர வேண்டாம்” என்று யாராவது சொன்னால் வேறு மருத்துவரைப் பாருங்கள்.

19 மே, மாலை 6.40
லென்ஸ் தானாக வளருமாமே என்ற செய்தியை ஒருவர் போட்டிருக்கிறார். 2016இல் வந்தது. உறையில் மிகச் சின்னத் துளை போட்டுப் புரையை எடுத்து, உறையில் உள்ள செல்களே புது லென்ஸை வளர்க்கும்படி 12 குழந்தைகளிடம் செய்து பார்த்தார்கள். கேட்கவே ஆசையாக இருக்கிறது. ஆனால் அந்தக் குழந்தைகள் எல்லோருக்கும் இரண்டு கண்ணிலும் புரை. ஆறு வாரக் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு அதற்காக யாரும் காத்திருக்கக் கூடாது.

7 ஜூலை, இரவு 9.15
உங்கள் அக்கா அடுத்த குழந்தையைப் பற்றிக் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள், அதைப் படித்ததும் தெம்பாக இருந்தது. ஒரு கண் புரை, குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லை என்றால் மறுபடி வரும் வாய்ப்பு மிகக் குறைவு. இருந்தாலும் அக்காவும் மாமாவும் ஒருமுறை சொட்டு மருந்து விட்டுக் கண்ணைப் பரிசோதித்துக்கொள்ளட்டும். தனக்குப் பாதிப்பே தெரியாத அளவுக்குச் சின்னப் புரை பெற்றோரிடம் இருந்து, அப்போதுதான் பரம்பரை என்று தெரிய வருவதும் உண்டு. அக்காவுக்கு ரூபெல்லா எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று ரத்தம் பார்த்து, இல்லாவிட்டால் கர்ப்பத்துக்கு ஒரு மாதம் முன்னாலேயே தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். கர்ப்பமான பிறகு அதைப் போட மாட்டார்கள். குழந்தை பிறந்ததும் வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன் இரண்டு கண்ணிலும் ஒளி அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பார்த்தாயிற்று என்று வாயால் சொன்னால் போதாது, சீட்டில் எழுதி வாங்குங்கள்.